சத்தமில்லாமல் விழுந்த பபூன்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் பிரியா. தொலைக்காட்சிக்குத் தொடர் எழுதுகிறாளாம். செவ்வாய்க் கிரகத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறவர்களின் கதையாம். "ஐயா, நீங்க எழுபதுலயே விண்வெளி நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சிருக்கீங்களாமே? அதுல காமெடி எத்தனை பர்சென்ட், சீரியஸ் எத்தனை பர்சென்ட் வச்சீங்க?" என்று கேட்டாள்.

பர்சென்டாம்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த நொடியே அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த நாடகத்தின் பபூன் மாணிக்கம் என் மனக்கண் முன்னால் தொப்பென்று விழுந்துவிட்டார். அதாவது தொப்பென்று இல்லை. சத்தமே இல்லாமல் விழுந்தார். "போனை வையம்மா, நான் எழுதியே அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதுவயலில் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். எனக்கு மூட்டை தூக்குகிற உடம்பு இல்லை, விரல் மட்டும் நீளம். பஜனை மடத்தில் பெட்டி பழகி, திட்டு வாங்கி, மீசை முளைக்கும் முன்பே நாடக மேடை ஏறிவிட்டேன். ஆர்மோனியம் வாசிக்கிறவனை எங்கள் பக்கம் பெட்டிக்காரர் என்பார்கள். குன்றக்குடித் திருவிழாவிலிருந்து குக்கிராமத்துக் கோயில் கொடை வரை நான் வாசிக்காத மேடை இல்லை.

எங்கள் பக்கத்து நாடகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பபூன் வேறோர் ஊரிலிருந்து வருவார், மிருதங்கம் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்போம். அப்படியும் நாடகம் பிசகாமல் நடக்கும், ஏனென்றால் எல்லாம் கைப்பழக்கம். பபூன் என்னைப் பார்த்துக் கேலி பேசினால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் கொடுக்க வேண்டும். பபூன் விழுந்தால் தாளக்காரர் 'டமார்' என்று ஓர் அடி கொடுக்க வேண்டும். அந்த டமாரில்தான் கொட்டகை சிரிக்கும். பாதி நாடகம் ஆனதும் பபூனுக்கு வேலை முடிந்துவிடும். சாயத்தைக் கழுவிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார். கடைசித் திரை விழும்போது மேடையில் நிற்பது அழுகைக்காரர்களும் அரசர்களும்தான்.

மனிதன் நிலாவில் கால் வைத்ததற்கு அடுத்த வருடம், காரைக்குடியில் நடேசன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் இந்த வழக்கத்தையெல்லாம் தலைகீழாக்கினார். விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவர். நிலாவில் இறங்கித் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு கப்பலைப் பற்றித் தொடர் நாடகம் எழுதினார். ஞாயிறுதோறும் சாயங்காலம் தகரக் கொட்டகையில் ஒரு பாகம். போன வாரம் விட்ட இடத்திலிருந்து இந்த வாரம் தொடங்கும். அப்படி ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. வாரம் முழுக்க ஒத்திகை வேறு! கூலிக்கு ஆள் வைத்த மாதிரி ஒத்திகை பார்ப்பதாவது என்று முதலில் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். பிறகு எங்களுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

கதையில் மூன்றே பேர். கப்பல் தலைவி, அவளுடைய தம்பி, ஒரு சமையல்காரர். தலைவியாக நடித்தது புதுக்கோட்டை தனலட்சுமி. ராஜா வேஷம் கட்டியே பேர் வாங்கியவர். அவர் மேடையில் நடந்து வந்தாலே பின்வரிசை எழுந்து நிற்கும். தம்பியாக ஓர் இளைஞர் நடித்தார். சமையல்காரர்தான் எங்கள் பபூன், நாட்டரசன்கோட்டை மாணிக்கம். தாளம், சத்தம் எல்லாம் காதர் பாய். விண்வெளி உடுப்பு என்பது ஆலைச் சாக்கில் அலுமினியப் பெயிண்ட் அடித்தது. தலைக்கவசம் எங்கள் ஊர்க் கல்யாணங்களில் சீர் வைக்கிற கொட்டான் என்ற ஓலைக் கூடை. பெரிய கொட்டானாகப் பார்த்து, முகத்துக்கு ஓட்டை வெட்டி, அதற்கும் வெள்ளிப் பெயிண்ட். அதைப் போட்டுக்கொண்டு தனலட்சுமி நின்றால், சத்தியமாகச் சொல்கிறேன், அமெரிக்காக்காரன் தோற்றான்.

நடேசன் வாத்தியார் ஒத்திகை பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்வார். எதையும் பார்க்க மாட்டார், கேட்பார். தப்பு வந்தால் ஆள்காட்டி விரல் மட்டும் மேலே போகும். நாங்கள் நிறுத்துவோம். "இப்ப விட்டது தனலட்சுமிதானே? மூச்சு வாங்காம பேசிட்டீக. மறுபடி பாப்பமே" என்பார். குரலை உயர்த்தியதே கிடையாது. சின்னப் பையனைக்கூட 'நீங்க, வாங்க' என்றுதான் அழைப்பார். ஆனால் அந்த விரல் எழுந்தால் அதே வரியைப் பத்துத் தடவை பேச வேண்டியிருக்கும். ஒருநாள் மாணிக்கம் பொறுக்க மாட்டாமல், "என்னய்யா இது, முதுகுக்கு நடிச்சுக் காட்ட வேண்டியிருக்கு! அங்குட்டுத் திரும்பி உக்காந்து என்னத்தப் பாக்குறீக?" என்று கேட்டுவிட்டார். வாத்தியார் முதுகு குலுங்கியது. சிரித்தார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

முதல் ஞாயிறு. கப்பல் இறங்குகிறது. நான் என் பெட்டியில் இருந்த அத்தனை கட்டையையும் அழுத்தி முழங்குகிறேன். தனலட்சுமி கதவைத் திறந்து வெளியே கால் வைத்து, "இங்கே காற்று இல்லை!" என்று கணீரென்று சொல்கிறார். பின்னால் வந்த மாணிக்கம் அப்படியே நின்றுவிட்டார். எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டார். மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஏன்ய்யா பெட்டிக்காரரே, காத்தே இல்லங்கிறாக. நீரு எத வச்சுப் பெட்டிய அமுக்குறீரு?"

கை தானாக நின்றது. வாய் தானாகப் பதில் சொன்னது. "கெளம்பும்போதே புதுவயக் காத்த பைக்குள்ள பிடிச்சுப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்ய்யா!"

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. சிரிப்பென்றால் அதுதான் சிரிப்பு.

நாடகம் முடிந்ததும் வாத்தியார் நேராக மாணிக்கத்திடம் வந்தார். நாங்கள் நடுங்கினோம். அவரோ, "நீங்க கேட்டது சரியான கேள்வி. எனக்குல்ல அது தோணியிருக்கணும்!" என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தார். கவிழ்த்த ஜாடிக்குள் ஒரு மின்சார மணி. மணி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பம்பால் ஜாடியிலிருந்த காற்றை உறிஞ்ச ஆரம்பித்தார். சத்தம் தேய்ந்தது. தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஒன்றுமே இல்லை. ஆனால் உள்ளே சுத்தி மட்டும் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. காதர் பாய் ஜாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். வாழ்நாள் முழுக்க அடித்துப் பிழைத்தவர் அல்லவா? அவர் முகம் வெளுத்துப் போனது. "யா அல்லா! அடி விழுகுது, கேக்கலையே!" என்றார்.

அன்றைக்கே வாத்தியார் சட்டம் போட்டார். கப்பலுக்குள் காற்று உண்டு, ஆகவே இசை உண்டு, தாளம் உண்டு, மாணிக்கம் இஷ்டத்துக்குப் பேசலாம். கப்பலுக்கு வெளியே ஒரு சத்தமும் கூடாது. தலைக்கவசத்துக்குள் வயர்லெஸ் இருப்பதால் பேச்சு மட்டும் கேட்கும். பெட்டி, தாளம் எதுவும் வாயைத் திறக்கக் கூடாது.

அடுத்த இரண்டு வாரமும் திருவிழாதான். கப்பலுக்குள் மாணிக்கம் உப்புக்கண்டம் வறுத்தார். "இங்க எல்லாம் ஆறுல ஒரு பங்கு எடைதானாம். புதுவயல்ல மூட்டை தூக்குறவுகள இங்குட்டுக் கூட்டியாந்தா ஆளுக்கு ஆறு மூட்டை தூக்கலாம். மொதலாளி கூலிய மட்டும் ஆறுல ஒண்ணாக் குடுப்பாரு!" என்றார். ஆலைக்காரர்கள் லாரி பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார்கள், விசில் பறந்தது. ஒவ்வொரு வாரமும் என்னைப் பார்த்து, "பையில காத்து இருக்காய்யா?" என்பார். "இருக்கு, இருக்கு!" என்று எனக்கு முன்னால் கொட்டகையே பதில் சொல்லும்.

நான்காம் வாரத்தில்தான் இடி விழுந்தது.

அந்தப் பாகத்தில் தம்பி சாகிறான். வெளியே பழுது பார்க்கப் போனவன் உடுப்பு கிழிந்து விழுந்துவிடுகிறான். அக்காள் ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். சமையல்காரர் காற்றுக் குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும், வருவதற்குள் உயிர் போய்விட வேண்டும். தனலட்சுமி அன்று வசனமே இல்லாமல் தம்பியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் முந்தானை எல்லாம் கண்ணுக்குப் போய்விட்டது. மாணிக்கம் ஓடி வந்தார். குடுவை தட்டி, கால் இடறி, எழுதாத இடத்தில் நிஜமாகவே குப்புற விழுந்தார்.

டமார்!

காதர் பாய் வேண்டுமென்று செய்யவில்லை. பபூன் விழுந்தால் அடிக்கிற கை அது. அவருடைய மூளைக்குச் சேதி போவதற்கு முன்பே கை அடித்துவிட்டது. கொட்டகையும் அதே பழக்கத்தில் குபீரென்று சிரித்தது. சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்ற வெட்கத்தில் இன்னும் சிரித்தது. தனலட்சுமி தலை குனிந்து காத்திருந்தார். சிரிப்பு அடங்கவில்லை. திரையை இறக்கிவிட்டார்கள்.

உள்ளே வந்ததும் தனலட்சுமி கொட்டானைக் கழற்றித் தரையில் வைத்தார். கண்ணில் நீர் இல்லை, நெருப்பு இருந்தது. "மாணிக்கண்ணே, ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா ஒங்களப் பாத்தாலே சனம் சிரிக்குது. வாத்தியாரய்யா, இனி அழுகுற எடத்துல இவுக இருந்தா நான் இல்ல" என்றார்.

வாத்தியார் யோசித்தார். தனலட்சுமி சொன்னது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. "அடுத்த பாகம் ஆரம்பிக்கும்போதே சமையல்காரர் செத்துட்டதா எழுதிடுறேன்" என்றார். காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாணிக்கம் சாயத்தைக் கழுவவே இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கப்பலில் மொத்தமே மூன்று பேர்தான் என்பதால், இந்த நாடகத்தில் கடைசி வரை தனக்கு இடம் உண்டு என்று அவர் நம்பியிருந்தார். "வயசு நாப்பத்தஞ்சு ஆச்சு தம்பி. எத்தனை நாடகம்! ஒண்ணுலகூட கடைசித் திரை விழுகும்போது நான் மேடையில நின்னதில்ல. பஸ் ஸ்டாண்டுலதான் நின்னுருக்கேன். இதுல நிக்கலாம்னு இருந்தேன்" என்றார். வேடிக்கை பேசுகிற வாய், வேடிக்கையில்லாமல் பேசினால் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் ஒத்திகைக்கு எல்லோரும் வந்தோம். ஒத்திகை புதுவயலில் ஓர் ஆலைக் கிட்டங்கியில், அதாவது மூட்டை அடுக்குகிற கூடத்தில். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித்தான் வசனம் பேசுவோம். வாத்தியார் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, மாணிக்கம் இல்லாத புதுப் பாகத்தைப் படிக்கத் தொடங்கினார். மாணிக்கம் எழுந்தார்.

"அய்யா, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ விழுந்து காட்டிட்டுப் போறேன். அந்த ஜாடி மணி கணக்கா, சத்தமே இல்லாம. பாயி, நீங்க அடிக்கக் கூடாது."

வாத்தியார் திரும்பாமலே தலையை ஆட்டினார். மாணிக்கம் கிட்டங்கியின் அந்தக் கோடிக்குப் போய்க் கொட்டானை மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஆலையில் ராச் சாப்பாட்டு வேளை வந்தது. இன்ஜின் நின்றது. அதுவரை அப்படி ஓர் அமைதியை அந்தக் கிட்டங்கியில் நாங்கள் கேட்டதில்லை. மாணிக்கம் ஓடி வரவில்லை. நிலாவில் ஓடுகிற மாதிரி மெதுவாக, எட்டி எட்டி வந்தார். இடறினார். அடுக்கியிருந்த காலிச் சாக்குகளின் மேல் கை முதலில், தோள் பிறகு, தலை கடைசியில் என்று இறங்கினார். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. விழுந்தவர் கை மட்டும் இல்லாத குடுவையை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது.

வாத்தியார் விரலைத் தூக்கினார். "ம்... விழுகலாமே, மாணிக்கம்."

மாணிக்கம் விழுந்த இடத்திலேயே கிடந்தார்.

"விழுந்தாச்சா?"

தனலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். காதர் பாய் கண்ணைத் துடைத்தார். வாத்தியார் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதன்முதலாக எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவ விழுகுறீகளா?" என்று மாணிக்கத்திடம் கேட்டார்.

கையிலிருந்த பாகத்தைக் கிழித்தார். அங்கேயே, அரிசித் தூசிக்கு நடுவில், வேறு கதை பிறந்தது. ஆளுக்கு ஒன்று கத்தினோம். தனலட்சுமிதான் எல்லோரையும்விட அதிகம் கத்தினார். "கடைசி வரைக்கும் அண்ணன் சிரிக்க வைக்கட்டும்யா! எவ்வளவு சிரிக்க வைக்க முடியுமோ வைக்கட்டும்! விழுகுற வரைக்கும்!" என்றார். நேற்று அவரை வெளியே போகச் சொன்னவர் இவர்தான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைசி ஞாயிறு. கொட்டகையில் நிற்க இடமில்லை. மேடைக்கு வருமுன் காதர் பாய் தம் குச்சிகள் இரண்டையும் என்னிடம் நீட்டினார். "தம்பி, இத உங்ககிட்ட வச்சிக்கிருங்க. எங் கைய நானே நம்ப மாட்டேன்." வாங்கித் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டேன். அதுவும் போதாதென்று அவர் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

கதைப்படி கப்பலுக்குள் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. மீட்க வருகிற கப்பல் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் வந்து சேர வேண்டும். தலைவி தூங்கினால் எழ மாட்டாள். அதனால் சமையல்காரர் அவளைத் தூங்கவிடாமல் வேடிக்கை சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவளோ, "சிரிக்க வைக்காதே, சிரித்தால் காற்று செலவாகிறது!" என்று கெஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள். சனமும் சிரித்தது. சிரித்துக்கொண்டே பயந்தது. என் சுதியை நான் கொஞ்சம் கொஞ்சமாக மெலியவிட்டேன். தலைவியின் தலை சாய்ந்தது. இன்னும் ஒரே ஒரு குடுவை இருக்கிறது, அது வெளியே, தம்பி விழுந்த இடத்தில். சமையல்காரரின் உடுப்பில் மிச்சமிருப்பது போகிற வழிக்குத்தான் வரும், திரும்புகிற வழிக்கு வராது.

மாணிக்கம் கொட்டானை மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பெட்டிக்காரரே, பையில காத்து இருக்காய்யா?"

"இருக்கு, இருக்கு!" என்று கொட்டகை கூவியது. நான் பெட்டியை மூடினேன். கொக்கியைப் போட்டேன். அந்தக் 'க்ளிக்' கடைசி வரிசைக்குக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அவர் வெளியே போனார். எட்டி எட்டி நடந்தார். குடுவையை எடுத்தார். திரும்பினார். வாசலுக்கு இரண்டு முழம் இருக்கும்போது இடறினார். முன்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார், டமாருக்காகக் காது காத்திருந்தது, டமார் வரவில்லை. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கை, தோள், தலை. விழுந்த கை குடுவையை வாசலுக்குள் தள்ளிவிட்டது. பக்கத்தில் காதர் பாயின் மூச்சு எனக்குக் கேட்டது. அத்தனை பேர் இருந்த கொட்டகையில் அது ஒன்றுதான் சத்தம். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது: "அய்யோ, யாராச்சும் அந்த மனுசனுக்குக் கொஞ்சம் காத்துக் குடுங்கய்யா!"

தனலட்சுமி கண் விழித்து, குடுவையைத் திறந்து, மூச்சை இழுத்து, வாசலைப் பார்த்தார். ஊமையாக வாயைத் திறந்து அழுதார். திரை இறங்கியது.

கைதட்டல் வர நேரமாயிற்று. வந்தபோது தகரம் பிய்ந்துவிடும் போலிருந்தது. உள்ளே நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். காதர் பாய் என் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டார். அப்போதுதான் பார்த்தேன், மாணிக்கம் எழவில்லை. கிடந்த இடத்தில் கிடக்கிறார். ஓடிப்போய்க் கொட்டானைத் தூக்கினேன். இறுக மூடியிருந்த கண்ணை மெல்லத் திறந்தார்.

"திரை விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சுண்ணே! கேக்கலையா, சனம் கத்துறது?"

"அடப் பாவிகளா!" என்று எழுந்து உட்கார்ந்தார். "செத்த பொணம் கண்ணத் தொறக்கலாமான்னு மூடிக்கிட்டேன். இத்தனை வருசங் கழிச்சுக் கெடச்ச கடைசித் திரை, அதையும் பாக்காமப் போச்சே!"

தனலட்சுமி அழுதுகொண்டே சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவர் மட்டும் சிரிக்கவில்லை. நிஜமாகவே முகம் வாடியிருந்தது. வாத்தியார் கயிற்றுக்காரரை நகரச் சொல்லிவிட்டுத் தாமே திரையை மேலே இழுத்தார். வெளியே போய்க்கொண்டிருந்த சனம் நின்று திரும்பியது. "நடு மேடையில நில்லுங்க, மாணிக்கம். கண்ண நல்லாத் தொறந்து வச்சுக்கிருங்க" என்றார். கொட்டானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாணிக்கம் போய் நின்றார். கொட்டகை எழுந்து நின்றது. வாத்தியார் கயிற்றை மெதுவாக, மிக மெதுவாக விட்டார். திரை தரையைத் தொடும் வரை மாணிக்கம் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.